ஆயிரத்து நூறா, நானூறா

ஸெங் பி-யுன் யாருக்கு ஓட்டுப் போடுவாள் என்று யுவான்லின் ஊரில் யாரும் கேட்டதில்லை. யார் ஜெயிப்பார்கள் என்று மட்டும்தான் கேட்பார்கள். கோயிலுக்கு எதிரே, ஜீபாய் என்கிற பொரித்த கோழி விற்கும் அவளுடைய வண்டியில், சாயங்காலம் நான்கு மணிக்கு எண்ணெய் காய்ந்து முதல் கோழித் துண்டு சட்டியில் இறங்குவதற்குள் இரண்டு மூன்று பேர் கைபேசியை நீட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். திரையில் அன்று வெளியான கருத்துக்கணிப்பு இருக்கும். பி-யுன் துண்டைத் திருப்பிப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நெற்றியில் ஏறியிருந்த கண்ணாடியை இறக்குவாள். எல்லோரும் பார்க்கிற பெரிய எண்களை அவள் பார்க்க மாட்டாள். திரையைத் தள்ளித் தள்ளி, அடியில் எறும்பு ஊர்வது போலிருக்கும் பொடி எழுத்துக்குப் போய்விடுவாள்.

"வீட்டு ஃபோன் மட்டும். மூணு நாள்ல எடுத்திருக்கான், அதுல ரெண்டு நாள் மழை. மழைன்னா ரிட்டயர் ஆனவங்கதான் எடுப்பாங்க. சின்னப் பசங்க வீட்டு ஃபோன் பக்கமே போறதில்ல. காரம் போடவா?"

"போடு. அப்ப யாரு ஜெயிப்பாங்கக்கா?"

"வெட்டித் தரவா, முழுசாவா?"

அதற்கு மேல் அவள் வாயிலிருந்து எதுவும் வராது. அதனாலேயே அவள் சொல்வதற்கு மதிப்பு இருந்தது. தொலைக்காட்சியில் கோட்டு போட்டவர்கள் ஒரு மணி நேரம் பேசிவிட்டு விட்டுச்செல்லும் குழப்பத்தை, பி-யுன் ஐந்து நிமிடத்தில், மிளகுப்பொடி தூவியபடி, அதைவிடச் சுத்தமான குழப்பமாக ஆக்கித் தருவாள்.

வண்டி போடுவதற்கு முன் அவள் ஒன்பது வருடம் தைச்சுங் நகரத்தில் ஒரு கணிப்பு நிறுவனத்தில் ஃபோன் பேசியவள். ஆறாவது மாடி, நாற்பது மேசை, மாலை ஆறரை முதல் ஒன்பதரை வரை. ஒரு வீட்டுக்கு ஃபோன் போனால், எடுத்தவரிடம் பேசக் கூடாது. அந்த வீட்டில் இருபது வயது தாண்டியவர்களில் யாருக்கு அடுத்த பிறந்தநாள் சீக்கிரம் வருகிறதோ அவரைக் கூப்பிடச் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத குரல் ஒன்று ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் பிறந்தநாளைக் கேட்டால் யார் சொல்வார்கள்? நூற்றைம்பது பேரை அழைத்தால் பன்னிரண்டு பேர் கடைசிவரை வருவார்கள். அந்தப் பன்னிரண்டிலும் மூன்று பேர், முக்கியமான கேள்வி வந்ததும், 'அது... தெரியலையே' என்பார்கள். மற்றப் பெண்கள் படிவத்தின் கடைசிக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார்கள். பி-யுன் மட்டும் அந்த 'அது'வுக்கும் 'தெரியலையே'வுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அங்கே ஒருவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பார். ஒருவர் அடுப்பை அணைப்பார். ஒருத்தி, பக்கத்து அறையில் இருக்கும் கணவன் காதில் விழாதபடி மூச்சை அடக்குவாள். இதையெல்லாம் எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. பிறகு நிறுவனம் பதிவு செய்த குரலை வைத்துக்கொண்டு நாற்பது மேசையையும் காலி செய்தது. பி-யுன் ஊர் திரும்பி எண்ணெய்ச் சட்டி வாங்கினாள்.

டிசம்பரில் ஒரு சாயங்காலம் வார்டு தலைவர் சியாவ் தியென்-ஃபூ வந்தார். பதினாறு வருடமாக அந்த வார்டுக்கு அவர்தான் தலைவர். தன் பெயர் முதுகில் அச்சிட்ட கையில்லாச் சட்டையைக் குளிரென்றாலும் கழற்றாதவர். ஜனாதிபதித் தேர்தலில் அவர் இரண்டாம் எண் வேட்பாளரின் ஆள். அன்றைய கணிப்பில் இரண்டாம் எண்ணுக்கு நாற்பது, ஒன்றாம் எண்ணுக்கு முப்பத்தேழு, சொல்லாதவர்கள் இருபத்து மூன்று.

"மூணு புள்ளி முன்னாடி, பார்த்தியா! படி, படி."

"தலைவரே, அடியில போட்டிருக்கான் பாருங்க, பிழை மூணு. நாப்பதுங்கறது முப்பத்தேழாவும் இருக்கலாம்."

"நாப்பத்து மூணாவும் இருக்கலாமில்ல?"

"இருக்கலாம்."

"அவ்ளோதான் நான் கேட்டது."

அவர் அங்கேயே திரும்பி நின்று, கைபேசியைத் தூக்கிப் பிடித்து, தன் வார்டு மக்களுக்கு நேரலையில் அறிவித்தார். "கணிப்பு படிக்கிற நம்ம பி-யுனே சொல்லிட்டா, நாப்பத்து மூணு! இரண்டாம் எண் தோத்தா இந்த வண்டியில, இதே இடத்துல, ஊருக்கு முந்நூறு ஜீபாய் என் செலவு!"

தோற்றால் ஊருக்கு ஜீபாய் என்று சவால் விடுவது அங்கே தேர்தலுக்குத் தேர்தல் நடப்பதுதான். தன் ஆள் தோற்ற துக்கத்தில் இருப்பவன் அடுத்த நாள் ஊரைக் கூட்டி விருந்து போட வேண்டும். ஜெயித்தவர்கள் வரிசையில் நின்று தின்றுவிட்டு அவன் தோளைத் தட்டிவிட்டுப் போவார்கள். தலைவர் சொல்லி ஒரு மணி நேரத்துக்குள் இரும்புக்கடை கோ அம்மா எதிர்ச்சவால் விட்டார்: ஒன்றாம் எண் தோற்றால் நூற்றைம்பது. அதற்குப் பிறகு பல்மருத்துவர், முடிதிருத்துபவர், பள்ளி வேன் ஓட்டுபவர் என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். யார் எத்தனை சொன்னார்கள் என்று நினைவு வைத்துக்கொள்ள முடியாமல், பி-யுன் ஒரு குளிர்பதனப் பெட்டி வந்த அட்டையைக் கிழித்து, நடுவில் கோடு போட்டு, வண்டியின் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் இரண்டு. கோழி எவ்வளவு சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்ள வைத்த அட்டை. அதில் வேறெந்த நோக்கமும் இல்லை.

ஜனவரி பிறந்து, வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, கணிப்பு எதையும் வெளியிடக் கூடாதென்ற தடை வழக்கம்போல் வந்தது. அதுவரை நாளுக்கு மூன்று கணிப்பு பார்த்துப் பழகிய ஊர் ஒரே நாளில் இருட்டில் நின்றது. வெளிச்சம் தேடிய கண்களில் அட்டை பட்டது. வலப்பக்கம் அறுநூற்று நாற்பது, இடப்பக்கம் முந்நூற்று எண்பது. யாரோ படம் எடுத்துக் குழுவில் போட்டார்கள்: 'யுவான்லின் கோழி நிலவரம், இரண்டு முன்னிலை.' தங்கள் சாங்ஹுவா மாவட்டத்தில் ஜெயிப்பவர்தான் ஜனாதிபதி என்று ஏற்கனவே பெருமை பேசுகிற ஊர். அடுத்த நாளே பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் ஸ்கூட்டரில் வந்து அட்டையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அட்டையில் எண் ஏறினால் தன் வேட்பாளர் ஏறுகிறார் என்று ஆனபின், சவால் விடுவதற்கு நம்பிக்கை தேவைப்படவில்லை. இரண்டு நாளில் இரண்டாம் எண்காரர்கள் இருபத்து மூன்று பேர் சேர்ந்து ஆயிரத்து நூறு துண்டுக்குப் போனார்கள். ஒன்றாம் எண்காரர்கள் பதினோரு பேர், நானூறோடு நின்றார்கள். தாங்கள் ஏற்றிக்கொண்டிருப்பது தோற்றால் போடப்போகிற சோறு என்பதை அநேகமாக எல்லோரும் மறந்திருந்தார்கள்.

தேர்தல் அலுவலகத்திலிருந்து ஒரு பையன் வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கோப்பு.

"அக்கா, புகார் வந்திருக்கு. தடைக் காலத்துல கணிப்பு வெளியிடறீங்களாம்."

"கணிப்பா? இது கோழி, தம்பி."

அவன் அட்டையை நெடுநேரம் பார்த்தான். "எத்தனை பேர்கிட்ட கேட்டீங்க?"

"நான் யார்கிட்டயும் கேக்கல. அவங்களா வந்து சொல்றாங்க."

"அப்ப கணிப்பில்ல," என்றான், நிம்மதியாக. கோப்பில் எதையோ எழுதினான். பிறகு சந்தேகம் வந்து, "இருந்தாலும் ஒரு துணி போட்டு மூடிடுங்கக்கா. எனக்காக," என்றான். பி-யுன் மேசைத் துணியால் மூடினாள். அவன் காரம் அதிகமாக ஒரு துண்டு வாங்கிக்கொண்டு போனான். மூடிய பிறகு ஊரில் யாருக்கும் துளி சந்தேகம் இல்லை. அரசாங்கமே மூடச் சொன்னதென்றால் அதில் இருப்பது உண்மையாகத்தானே இருக்க வேண்டும்.

கவலைப்பட்டவள் பி-யுன் ஒருத்திதான். கோழி கொடுக்கும் ஆ-குன் திங்கட்கிழமையே வந்து நின்றான்.

"அக்கா, புதன்கிழமைக்குள்ள எண்ணிக்கை சொல்லிடணும். வெள்ளிக்கிழமை இறக்கிடறேன். சனிக்கிழமை முடிவு வந்ததும் நாடு முழுக்க வண்டிக்காரனெல்லாம் ஒரே நேரத்துல ஃபோன் அடிப்பான். ஞாயித்துக்கிழமை அறுப்பு கிடையாது. அப்ப என்கிட்ட வந்து அழாத."

இரண்டாம் எண் தோற்றால் ஞாயிறு மதியம் ஆயிரத்து நூறு துண்டு வேண்டும். ஒன்றாம் எண் தோற்றால் நானூறு போதும். நெஞ்சுக்கறியைச் சனிக்கிழமையே பூண்டும் சோயாவும் அரிசிமதுவும் போட்டு ஊறவைக்க வேண்டும். ஊறவைத்ததை யாரும் திருப்பி வாங்க மாட்டார்கள். அதிகமாகச் சொல்லிவிட்டால் புதுச் சட்டிக்காக இரண்டு வருடம் சேர்த்தது அழுகிப்போகும். குறைவாகச் சொல்லிவிட்டால் அதைவிட மோசம். போன தேர்தலில் பக்கத்து ஊர்க்காரன் ஒருவனுக்கு இருநூறாவது ஆளோடு கோழி தீர்ந்துபோனது. வரிசையில் நின்ற மிச்சப் பேர் அவன் வண்டிக்கு மறுபடி வரவே இல்லை. புத்தாண்டுக்கு வாங்கிய பட்டாசு ஈரமாகிப்போன வீட்டுக்காரன் மாதிரி அவன் முகம் மாறிப்போயிற்று என்று ஆ-குன்னே சொல்லியிருக்கிறான்.

"எழுநூத்தைம்பது போடேன்," என்றாள் பி-யுன்.

"அது என்ன கணக்கு?"

"ரெண்டுக்கும் நடுவுல."

"ரெண்டாம் எண் தோத்தா முந்நூத்தைம்பது குறையும், ஜெயிச்சா முந்நூத்தைம்பது மிஞ்சும். எப்படிப் பார்த்தாலும் தப்பா வர்ற ஒரே எண்ணைத் தேடிப் புடிச்சிருக்கியேக்கா!"

அவள் ஒன்பது வருடமும் அந்த எண்ணைத்தான் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்லிவந்தாள். 'பிழை வரம்புக்குள் சமநிலை.' காகிதத்தில் அது நேர்மையாக இருந்தது. கோழியில் அதற்கு இடமே இல்லை.

அன்று மாலை ஆறரைக்கு, வண்டியை அண்டைவீட்டுப் பெண்ணிடம் விட்டுவிட்டு, சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். கட்டம் போட்ட தாள், பென்சில், முப்பத்து நான்கு பேரின் எண். முதல் எண்ணை அழுத்தியதும் பழைய குரல் தானாக வந்தது. தாழ்ந்து, அவசரமில்லாமல், முடிவில் லேசாக ஏறுகிற குரல். சுற்றுலாப் பேருந்து ஓட்டும் கணவன் ஆ-லியாங்குக்கு அன்று விடுமுறை. ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"யார்கிட்டடி இப்படித் தேனா ஒழுக விடற? என்கிட்ட ஒரு நாளும் இந்தக் குரல் வந்ததில்லையே."

"நீ கேள்விக்குப் பதில் சொன்னதே இல்லையே."

யார் ஜெயிப்பார்கள் என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. எல்லோரிடமும் ஒரே கேள்வி: "ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு வெச்சுக்கலாமா? ஏதாவது விசேஷமாச் சொல்லணுமா?" பிறகு காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

ஒன்றாம் எண்காரர்கள் பதினோரு பேரும் சிரித்தார்கள். "எதுக்கு இப்ப அதெல்லாம்? அந்த வேலையே வராது." கோ அம்மா, "ஞாயித்துக்கிழமையா? நான் தைபேல பொண்ணு வீட்ல இருப்பேனே," என்றார். இரண்டாம் எண்காரர்கள் இருபத்து மூன்று பேரும் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு ஒரு சின்ன இடைவெளி வந்தது. பல்மருத்துவர் சொன்னார்: "ஆமா பி-யுன், சின்னத் துண்டாப் போட்டா எண்ணிக்கைல சேருமா?" முடிதிருத்துபவர், "ரெண்டு வாரமாப் பிரிச்சுக்கலாமா?" என்றார். வேன்காரர் நெஞ்சுக்கறிக்குப் பதில் கழுத்துக்கறி நடக்குமா என்று விசாரித்தார். கடைசியாக வார்டு தலைவர். பின்னணியில் செய்தி வாசிக்கிற சத்தம் குறைந்தது.

"பி-யுன்... முந்நூறுன்னு சொன்னேன். முழுத் துண்டுன்னு சொன்னேனா?"

அவள் டிக் போட்டாள். இருபத்து மூன்றில் பதினான்கு. நிச்சயமாக ஜெயிப்போம் என்று நினைக்கிறவன் கோழியின் அளவைக் கேட்க மாட்டான். ஒன்பது வருடத்தில் இவ்வளவு தெளிவான கணிப்பை அவள் எடுத்ததில்லை.

புதன் காலை ஆ-குன்னிடம் சொன்னாள்: "ஆயிரத்து நூறு. யார்கிட்டயும் மூச்சு விடாத."

"நான் யார்கிட்டக்கா சொல்லப்போறேன்?" என்றான் ஆ-குன்.

மதியம் பன்னிரண்டுக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மூடியிருந்த அட்டையை அதன்பின் யாரும் பார்க்க வரவில்லை. பி-யுன் ஆயிரத்து நூறு சொல்லிவிட்டாள் என்றால், பி-யுன் கணக்கில் இரண்டாம் எண் தோற்றாயிற்று. நான்கு மணிக்கு வார்டு தலைவர் வந்தார். நடை வேகத்தில் சட்டை பின்னால் படபடத்தது.

"ஊர்ல அபசகுனம் புடிச்ச வாய்னு சொல்லுவாங்களே, இன்னிக்குத்தான் நேர்ல பாக்கறேன். வாய்கூட இல்ல. கோழியால சொல்லியிருக்க!"

"நான் எதுவும் சொல்லலண்ணே. கறி வாங்கியிருக்கேன்."

"ஏன் ஆயிரத்து நூறு? ஏன்?"

"நீங்கதான் முழுத் துண்டான்னு கேட்டீங்க."

தலைவர் வண்டியை ஒட்டிக் குனிந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் மட்டுமா கேட்டேன்?" என்றார்.

"பதினாலு பேர்."

"பல் டாக்டருமா?"

"அவர்தான் முதல்ல."

அவர் வண்டியின் கம்பியைப் பிடித்தபடி நின்றார். நாற்பது என்றால் நாற்பத்து மூன்று என்று படிக்கத் தெரிந்த மனிதர், முதல் முறையாக ஒரு எண்ணை அதன் அளவிலேயே படித்துக்கொண்டிருந்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்குப் போகவில்லை. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் வார்டில் ஒரு கதவு விடாமல் தட்டினார். தட்டிய ஒவ்வொரு கதவிலும் சொன்னது ஒரே வரி: "பி-யுன் ஆயிரத்து நூறு வாங்கிட்டா, தெரியுமா?" வேறு பிரசாரம் தேவைப்படவில்லை. தைபேயிலும் காவ்ஷியுங்கிலும் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்குத் தாய்மார்கள் ஃபோன் போட்டு, ஊருக்கு வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போ என்று அழுதார்கள். பக்கத்து வார்டுகளிலும் அதே கோழி, அதே அழுகை. ஒன்றாம் எண்காரர்கள் தேநீர்க் கடையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். கோ அம்மா, ஒரு ஓட்டுக்காக ரயிலைத் தவறவிடுவதா என்று சனிக்கிழமை காலை ஏழரைக்கே தைபேக்கு ஏறிவிட்டார்.

பி-யுன் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்து பூண்டு நசுக்கினாள். நாலு மணிக்கு வாக்குச்சாவடி மூடியது. ஏழரைக்கு அவள் முழங்கை வரை மசாலாவில் இருந்தபோது தொலைக்காட்சியில் இரண்டாம் எண் மேடை ஏறி இரு கையையும் தூக்கினார். யுவான்லினில் வித்தியாசம் சில நூறு ஓட்டு. அவள் திங்கட்கிழமை எடுத்த கணிப்பு திங்கட்கிழமைக்குச் சரி. தேர்தல் சனிக்கிழமை நடந்தது. இதை யாரிடமாவது சொல்லலாம்தான். அதற்காகக் கோழி மசாலாவிலிருந்து எழுந்து போய்விடப்போவதில்லை.

"எவ்ளோ மிஞ்சும்?" என்றான் ஆ-லியாங்.

"எழுநூறு."

அவன் அடுத்த தட்டை நகர்த்தினான்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கே வரிசை கோயிலைச் சுற்றித் திரும்பியிருந்தது. கோ அம்மா முதல் ரயிலில் திரும்பி வந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வண்டிக்குப் பக்கத்தில் தோற்றவர்களுக்கான இடத்தில் நின்றார். ஒவ்வொருவரும் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிம்மா, அடுத்த தடவ பாத்துக்கலாம்," என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அவர் ஒவ்வொரு தட்டுக்கும் அரை அங்குலம் குறுகிக்கொண்டே வந்தார். மூன்றே முக்காலுக்கு நானூறாவது துண்டு போனது. பி-யுன் அட்டையைத் திருப்பி, பின்பக்கம் 'இங்கிருந்து எழுபது யுவான்' என்று எழுதி வைத்தாள். வரிசையில் இன்னும் முந்நூறு பேராவது இருந்தார்கள். தலைகள் பக்கவாட்டில் நீண்டன.

நானூற்று ஒன்றாவது ஆள் வார்டு தலைவர். வரிசையில் முந்தினால் ஊர் பேசும் என்று ஒன்றே முக்கால் மணி நேரம் முறையாக நின்று வந்தவர்.

"முடிஞ்சுதா?"

"இலவசம் முடிஞ்சுதுண்ணே. எழுபது."

"நான் ஜெயிச்சவன், பி-யுன். ஜெயிச்சவன் எதுக்குக் காசு குடுக்கணும்?"

"தோத்தவங்க குடுத்து முடிச்சுட்டாங்க. இனிமே ஜெயிச்சவங்கதான் பாக்கி."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வண்டிக்குக் கீழே அடுக்கியிருந்த தட்டுகளைப் பார்த்தார். குனிந்து எண்ணினார். தான் தட்டிய கதவுகளும் அந்தத் தட்டுகளும் ஒன்றோடொன்று எங்கே சேர்கின்றன என்று அவருக்குத் தெரியாமலில்லை. வரிசை முழுக்க அவர் முதுகில் அச்சிட்ட பெயரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் போனால் பாதிப் பேர் போவார்கள். பி-யுன் இடுக்கியைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"ஒண்ணு குடு," என்றார் தலைவர், நிமிர்ந்து. "காரம் வேணாம். மூணு நாளா வயிறு சரியில்ல."

எழுபது யுவானைச் சில்லறையாக எண்ணி வைத்தார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போகாமல், வரிசைக்கு முன்னாலேயே நின்று, எல்லோரும் பார்க்க ஒரு கடி கடித்தார். சூடு தாங்காமல் வாயைத் திறந்து ஊதிக்கொண்டே மென்றார்.

வரிசை அசைந்தது. நடுவில் ஒரு ஜோடி விலகி ஸ்கூட்டர் பக்கம் நடந்தது. குழந்தையைத் தூக்கி வைத்திருந்த ஒருவர் தங்குவார் என்று அவர் நிற்கிற விதத்திலேயே தெரிந்தது. சிவப்புக் குல்லாய்க்காரன் போய்விடுவான். அவனுக்குப் பின்னால் இருக்கிற இரண்டு பெண்கள் அவன் போனால் போவார்கள். பி-யுன் மனசுக்குள் எண்ண ஆரம்பித்து, இருபதைத் தாண்டுவதற்குள் நிறுத்திக்கொண்டாள். யாரும் கேட்பதற்கு முன் இரண்டு சட்டியிலும் பத்துப் பத்தாக இருபது துண்டை இறக்கினாள். எண்ணெய் சீறியது. பூண்டும் மிளகும் துளசியும் சேர்ந்த வாசனை கோயில் மூலை வரை போனது. ஸ்கூட்டரில் சாவி போட்டவன் திரும்பிப் பார்த்தான்.

"மீதி அறுநூத்தி எழுபத்தொம்பது!" என்று பின்னாலிருந்து ஆ-லியாங் கத்தினான்.

"சத்தமாச் சொல்லாத," என்றாள் பி-யுன். "அடுத்தவங்க, வெட்டவா, முழுசாவா?"